மூளைக் கட்டி: இரண்டாவது படம் எதற்கு?



தலைவலி என்பது நம் வீடுகளில் யாருக்கும் புதிதல்ல. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, வெயிலில் நின்று உழைத்து வீடு திரும்புகிற உடம்புக்குத் தலைவலி வருவது இயல்புதான். கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டு, சுடச்சுட ஒரு கோப்பை காப்பி குடித்துப் படுத்தால், பெரும்பாலான தலைவலிகள் மறுநாள் காலையில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இன்று நாம் பேசப்போவது அத்தகைய தலைவலியைப் பற்றி அல்ல. மூளைக்குள் வளரும் கட்டியைப் பற்றியும், அந்தக் கட்டியோடு சேர்ந்து சில சமயம் காணப்படுகிற கோளாறான இரத்தக் குழாய்களைப் பற்றியும் பேசப்போகிறோம்.

"இது பெரிய டாக்டர்களின் சங்கதி ஆயிற்றே, நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒருவருக்கு மூளையில் கட்டி இருப்பது ஒரு படத்தில் தெரிந்த பிறகு, "இரத்தக் குழாய்களையும் பார்க்க வேண்டும், இன்னொரு படம் எடுக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்வது உண்டு. அதைக் கேட்டதும் சில குடும்பங்கள், "கட்டி என்றுதான் தெரிந்துவிட்டதே, உடனே எடுத்துவிட வேண்டியதுதானே, எதற்குத் தாமதம்?" என்று பதறுகின்றன. வேறு சில குடும்பங்கள், "இத்தனை படம் எடுக்கிறார்களே, இனிப் பிழைக்க வழியில்லை போலும்" என்று மனம் உடைந்து, நோயாளியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகின்றன. இரண்டுமே ஆபத்து. அந்த இரண்டாவது படம் எதற்கு என்பதை நாம் விளங்கிக்கொண்டால், வேளை வரும்போது தடுமாறாமல் முடிவு செய்யலாம்.

முதலில் மூளைக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடம்பின் மொத்த எடையில் 100-இல் 2 பங்குதான். ஆனால் உடம்பு பயன்படுத்துகிற உயிர்வாயுவில் 100-இல் 20 பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதற்காகக் கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, ஆக நான்கு பெரிய குழாய்கள் மேலே ஏறுகின்றன.

லயத்துக்குத் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து பெரிய குழாயில் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. பிறகு கிளைக் குழாய்களாகப் பிரிந்து, வீட்டுக்கு வீடு சிறிய குழாயில் அளவாக வருகிறது. மூளையிலும் அப்படியே. வேகமாக இரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்குத் தமனி என்று பெயர். அவை பிரிந்து பிரிந்து, தலைமுடியைவிட மிக மெல்லிய குழாய்களாகின்றன. இவற்றுக்குத் தந்துகி என்று பெயர். இங்கே இரத்தத்தின் அழுத்தம் தணிகிறது. மூளைக்கு வேண்டிய சத்து இறங்குகிறது. பிறகு சிரை என்னும் குழாய்கள் வழியாக இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது.

மூளையிலுள்ள தந்துகிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றின் சுவர் மிகவும் நெருக்கமாகக் கட்டப்பட்டது. இரத்தத்தில் ஓடுகிற எல்லாப் பொருளும் அதைத் தாண்டி மூளைக்குள் போய்விட முடியாது. இந்தக் காவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி வந்தால் பல சமயம் இந்தக் காவல் கெட்டுவிடுகிறது.

கட்டியும் கோளாறான இரத்தக் குழாயும் ஒரே தலைக்குள் சேர்ந்திருப்பது மூன்று விதமாக நேரலாம்.

முதல் விதம், கட்டி தனக்கென்று தானே குழாய்களை வளர்த்துக்கொள்வது. மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கிளைக்குள் வேரை இறக்கி, மரத்தின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு தழைக்கிறது. கட்டியும் இரத்தம் இல்லாமல் வளர முடியாது. புதிய இரத்தக் குழாய்கள் கிடைக்காவிட்டால் ஒரு கட்டி சில மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும் என்ற கருத்தை, 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் வெளியிட்டார். கட்டி ஒரு வகைப் புரதத்தைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடத் தூண்டுகிறது என்பது 1980-களில் தெளிவாயிற்று.

இப்படி அவசரத்தில் முளைத்த குழாய்கள் ஒழுங்காக இருப்பதில்லை. கோணல்மாணலாக, சில இடத்தில் பருத்தும் சில இடத்தில் மெலிந்தும் இருக்கும். நான் சொன்ன அந்தக் காவல் இவற்றில் இல்லை. ஆகவே இரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிந்து, கட்டியைச் சுற்றியுள்ள மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனால்தான் காலையில் எழும்போது கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை வருகின்றன. சில நோயாளிகளுக்குக் கட்டி சிறியதாக இருக்கும். அதைச் சுற்றிய வீக்கம் பெரியதாக இருக்கும்.

இந்தக் கசிவைக் குறைப்பதற்கு டெக்ஸாமெதசோன் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. இதைச் சாப்பிட்ட ஓரிரு நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து, "நோய் தீர்ந்தது" என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். தீர்ந்தது வீக்கம் மட்டுமே; கட்டி அங்கேயே இருக்கிறது. இந்த மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆகவே அதையும் கவனிக்க வேண்டும்.

கட்டியின் குழாய்கள் சில சமயம் வெடித்து இரத்தம் கசியும். அப்போது நோயாளிக்குத் திடீரென்று ஒரு பக்கம் கைகால் விழுந்துவிடும், அல்லது பேச்சு குழறும். பார்ப்பதற்கு இரத்தக் கொதிப்பால் வந்த வாதம் போலவே இருக்கும். படம் எடுத்தால் இரத்தம் தேங்கியிருப்பது தெரியும். அதன் அடியில் கட்டி இருக்கிறதா என்பது இரத்தத்தால் மறைக்கப்பட்டிருக்கும். இதனால்தான் டாக்டர், "இரத்தம் வற்றிய பிறகு, சில வாரம் கழித்து மீண்டும் வாருங்கள், இன்னொரு படம் எடுக்கலாம்" என்கிறார். அதற்குள் கைகால் கொஞ்சம் தேறியிருக்கும். "இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே, ஒரு நாள் கூலி ஏன் போக வேண்டும்?" என்று போகாமல் இருந்துவிடுகிறோம். நேயர்களே, அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். இரத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டி அன்றுதான் வெளியே தெரியும்.

இரண்டாவது விதம், கட்டியே பெரும்பாலும் இரத்தக் குழாய்களால் ஆனதாக இருப்பது. ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்பது இதன் பெயர். இது பெரும்பாலும் பின்தலையிலுள்ள சிறுமூளையில் வருகிறது. உடம்பின் சமநிலையைக் காப்பது சிறுமூளை. ஆகவே நடை தள்ளாடும், தலை சுற்றும், வாந்தி வரும். குடிப்பழக்கமே இல்லாத மனிதரை ஊரார் குடிகாரர் என்று தவறாக எண்ணிவிடவும் கூடும்! இது புற்றுநோய் வகையைச் சேர்ந்தது அல்ல. முழுமையாக எடுத்துவிட முடிந்தால் நல்ல குணம் காணலாம். ஆனால் இரத்தம் நிறைந்த கட்டியாகையால், எந்தக் குழாய் அதற்கு இரத்தம் ஊட்டுகிறது என்று தெரிந்துகொண்டு கத்தி வைக்க வேண்டும்.

இந்தக் கட்டி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அது பரம்பரையாக வருகிறது. வான் ஹிப்பல் லிண்டாவ் நோய் என்று அதற்குப் பெயர். தாய்க்கோ தந்தைக்கோ அந்தக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும்கூட இது கட்டிகளை உண்டாக்கும். ஆகவே, "உங்கள் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், குடும்பத்துக்குக் களங்கம் என்று மறைக்காதீர்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் கண்ணையும் உயிரையும் காக்கலாம்.

மூன்றாவது விதம், கட்டி ஓரிடத்தில் இருக்க, அதற்குப் பக்கத்திலோ தள்ளியோ இரத்தக் குழாயில் தனியாக ஒரு கோளாறு இருப்பது. இதில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, குழாய் புடைப்பு. பழைய சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது, பலவீனமான இடத்தில் பலூன் போலப் புடைக்கிறதல்லவா? அதுபோலத் தமனியின் சுவர் ஓரிடத்தில் புடைத்து நிற்கும். பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 3 பேரிடம் இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது வெடிப்பதே இல்லை, இருப்பதும் தெரிவதில்லை. ஆகவே மூளைக் கட்டிக்காகப் படம் எடுக்கும்போது, சிலருக்கு இதுவும் தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

மற்றொன்று, தமனி சிரைச் சிக்கல். நடுவே இருக்க வேண்டிய மெல்லிய தந்துகிகள் இல்லாமல், தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்டு நூற்கண்டு சிக்கியதுபோல இருக்கும். தொட்டியிலிருந்து வருகிற பெரிய குழாயை, நடுவில் எதுவும் இல்லாமல் மெல்லிய ரப்பர்க் குழாயில் நேராகப் பொருத்தினால் என்ன ஆகும்? அந்த அழுத்தத்தை அது தாங்காது. இந்தச் சிக்கலும் மூளைக் கட்டியும் ஒரே ஆளிடம் இருப்பது மிக அபூர்வம். ஆனாலும் மருத்துவ ஏடுகளில் அப்படிப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

"சரி, இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் கட்டியை எடுத்துவிடலாமே?" என்ற கேள்வி எழலாம். அதற்கு விடையாக ஓர் உதாரணம் சொல்கிறேன். மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னே, பிட்யூட்டரி என்னும் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வந்தால், மண்டையைத் திறக்காமல் மூக்கின் வழியாகவே கருவியைச் செலுத்தி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு புடைப்பு இருந்து, அது தெரியாமல் கருவி அதன்மேல் பட்டுவிட்டால், பாய்கிற இரத்தத்தை நிறுத்துவது மிகக் கடினம். இன்னும் ஒன்று, சில சமயம் கட்டி போலத் தெரிவதே கட்டியாக இராமல், பெரிய புடைப்பாக இருந்துவிடும். கத்தி வைக்கும் முன் இவற்றை அறிந்துகொள்வதற்குத்தான் அந்த இரண்டாவது படம்.

மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையே மூளைக் கட்டியைத் தேடிப் பிறந்ததுதான். 1927-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். குழாய்கள் வழக்கமான இடத்தை விட்டு விலகியிருந்தால், அவற்றை ஏதோ ஒரு கட்டி தள்ளுகிறது என்று கண்டுகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டே, 1928-இல், அமெரிக்காவில் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இருவர், எது கட்டி, எது வெறும் குழாய்ச் சிக்கல் என்று பிரித்துக் காட்டி ஒரு நூல் எழுதினார்கள். 1971-இல் இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி, முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணிதான் அந்த நோயாளி.

இன்று எடுக்கப்படும் படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டிலும் கைநரம்பில் ஒரு மருந்தை ஏற்றி எடுப்பது உண்டு. காவல் கெட்ட குழாய்களிலிருந்து அந்த மருந்து கசிவதால், கட்டி இருக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. இவை போதாதபோது ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைத் தமனி வழியே கழுத்து வரை செலுத்தி, மருந்தை விட்டுப் படம் எடுப்பார்கள். மருந்து போகும்போது முகத்திலோ தலையிலோ வெதுவெதுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். இதனால் வாதம் போன்ற தீங்கு நேருவது மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்களுக்குச் சிறுநீரக நோயோ, நீரிழிவோ, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாத குறையோ இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

படங்கள் கைக்கு வந்த பிறகு, எதை முதலில் கவனிப்பது என்று டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்கள். புடைப்பு ஏற்கெனவே வெடித்திருந்தால் அதற்கு முதலிடம். கட்டி மூளையை அழுத்திக்கொண்டு, புடைப்பு சிறியதாகச் சும்மா இருந்தால், கட்டிக்கு முதலிடம். புடைப்பை ஆண்டுக்காண்டு படம் எடுத்துப் பார்த்துவருவார்கள். இரண்டும் ஒரே வழியில் இருந்தால் ஒரே அறுவையில் முடிப்பதும் உண்டு. மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமா போன்ற கட்டிகளுக்கு, அறுவைக்கு முன்பே ஊட்டும் குழாயை உள்ளிருந்து அடைத்துவிட்டு, இரத்தச் சேதத்தைக் குறைக்கும் முறையும் இருக்கிறது.

கட்டியின் குழாய்களை ஒடுக்குகிற பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்தும் வந்திருக்கிறது. கொடிய வகை மூளைக் கட்டி மீண்டும் தலைதூக்கும்போது கொடுப்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இது கசிவையும் வீக்கத்தையும் குறைக்கிறது. ஆனால் 2014-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், புதிதாக இந்நோய் கண்டவர்களின் ஆயுளை இது நீட்டவில்லை என்று தெரிந்தது. இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. பணத்தைக் கொட்டினால் எல்லாம் சரியாகும் என்று வீட்டையும் நகையையும் விற்பதற்கு முன், அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

தலைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு, ஆண்டுகள் பல கழித்துச் சிறு இரத்தக் குழாய்க் கோளாறுகள் தோன்றலாம். ஆகவே பிள்ளை பெரியவனாகி வேலைக்குப் போனாலும், மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இனி, வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை.

வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் தலைவலி, காலை நேரத்து வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாட்டம், ஒரு பக்கம் பலம் குறைதல், குணம் மாறுதல், பெரியவர்களுக்கு வாழ்வில் முதன்முறையாக வலிப்பு வருதல் ஆகியவை இருந்தால் தாமதியாமல் கிளினிக்கில் காட்டுங்கள். மண்டையில் இடி விழுந்ததுபோல நொடிப்பொழுதில் வருகிற, இதுவரை கண்டிராத தலைவலியானால், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். இரத்தக் குழாய் வெடித்திருக்கக் கூடும். மலேசியாவில் 999 என்ற எண்ணை அழையுங்கள். அப்போது ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதால் பயனில்லை. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனை. பேய் பிடித்தது, காற்றுக் கருப்பு அடித்தது என்று பூசாரியிடமும் போமோவிடமும் அலைந்து வாரங்களைக் கழிக்காதீர்கள். கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

மருத்துவமனைக்குப் போகும்போது, சாப்பிடுகிற மாத்திரைகள், நாட்டு மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய படங்களையும் கடிதங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மலாய் மொழி நன்றாகத் தெரிந்த ஒரு மகனையோ மகளையோ உடன் அழைத்துப் போங்கள். டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டி எங்கே இருக்கிறது? அதன் அருகில் இரத்தக் குழாய் எப்படி இருக்கிறது? அடுத்த படம் எந்தத் தேதியில்? செலவோ பயணமோ இடையூறாக இருந்தால், பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள சமூகப் பணிப் பிரிவில் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு, கிளந்தானில் குபாங் கெரியான் ஆகிய இடங்களில் மூளை அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து அங்கே போவது தொலைவுதான். ஆனால் முதல் படத்துக்கு அத்தனை தூரம் போனவர்கள், இரண்டாவது படத்துக்கும் போகத்தான் வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது அப்படியொரு தேதி கொடுக்கப்பட்டால், அதைச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அந்த நாளில் அவரைத் தனியாக அனுப்பாமல், கூடவே ஒருவர் போங்கள்.